35 எம்.எம். மெஷினுக்கு செனான் லேம்ப் ஹவுஸும் ரெக்டிஃபையரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூடிய தியேட்டரிலிருந்து 35 எம்.எம். ஃபிலிம் ஓட்டும் மெஷின் (ப்ரொஜெக்டர்) வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "லைட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான். பழைய மெஷின்களில் வெளிச்சத்துக்கு எரித்த கார்பன் குச்சி இன்று கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ரீல் முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் செனான் வாயு நிரப்பிய பல்புதான் வழி.

பலரும் முதலில் லேம்ப் ஹவுஸை, அதாவது பல்பும் மிரரும் இருக்கும் பெட்டியைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் நிறையப் பணமும் ஒரு நல்ல பல்பும் போயின. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: திரையை அளந்துவிடுங்கள்

எத்தனை வாட் பல்பு என்பதை மெஷினைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரைதான் அதைச் சொல்லும். ஃபிலிம் போடாமல் ஷட்டர் (ஒளியை மறைத்து மறைத்துத் திறக்கும் தகடு) சுற்றும்போது, திரையின் நடுவில் 16 ஃபுட் லேம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது திரைப்படத் துறை வைத்திருக்கும் அளவு. கணக்கு எளிது: சதுர அடியை 16 ஆல் பெருக்கினால் எத்தனை லூமன் (மொத்த ஒளியின் அளவு) வேண்டும் என்று வந்துவிடும்.

உங்கள் திரை 40 அடி அகலம், ஸ்கோப் (அகலத்திரை) படம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் சுமார் 16.7 அடி, பரப்பு ஏறக்குறைய 670 சதுர அடி. 16 ஆல் பெருக்கினால் 10,700 லூமன். இது சாதாரண வெள்ளைத் திரைக்கான கணக்கு. கெயின் உள்ள, அதாவது ஒளியைக் கூடுதலாக முன்னால் திருப்பும் திரையானால் அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

2,000 வாட் பல்பு கிட்டத்தட்ட 80,000 லூமன் தருமே, தாராளம் என்று நினைக்க வேண்டாம். பாதி வெளிச்சம் ஷட்டரிலேயே போய்விடும். மிரர் எல்லாவற்றையும் அள்ளித் தராது. வட்டமாக வரும் ஒளியிலிருந்து கேட் (ஃபிலிம் கடந்து போகும் சட்டம்) செவ்வகத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். கேபின் ஜன்னலில் சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தால் அதுவே 8 சதவீதம் தின்றுவிடும். என் அனுபவத்தில் 20 அடித் திரைக்கு 1,000 வாட், 30 அடிக்கு 1,600, 40 அடிக்கு 2,000 முதல் 3,000 வரை என்று வைத்தால் சரியாக வரும். அதற்கு மேல் போனால் கேட்டில் ஃபிலிம் சூடாகி வளையும், ஃபோகஸ் நிற்காது.

படி 2: லேம்ப் ஹவுஸில் எதைப் பார்ப்பது?

மிரரைப் பாருங்கள். உலோக மிரர் வெப்பத்தையும் சேர்த்து ஃபிலிம் மேல் வீசும். பூச்சு போட்ட கண்ணாடி மிரர் வெளிச்சத்தை முன்னால் அனுப்பி, வெப்பத்தைப் பின்பக்கம் விட்டுவிடும். வாங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு உரிந்திருந்தால் வேண்டாம்.

அடுத்தது தூரம். மிரரிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஒளி குவிகிறதோ, அந்த இடத்தில் கேட் இருக்க வேண்டும். பழைய கார்பன் லேம்ப் ஹவுஸுக்குள் செனான் பல்பைச் சொருகிய 'கன்வர்ஷன்' மலிவாகக் கிடைக்கும். பெரும்பாலும் அவை சொதப்புவது இந்தத் தூரத்தில்தான். கார்பனின் நெருப்பும் செனானின் நெருப்பும் அளவிலும் வடிவிலும் வேறு. கார்பனுக்காகச் செய்த மிரரில் செனானை வைத்தால் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் விழும்.

பல்பு படுக்கையாக இருக்கும் வகை என்றால், ஆர்க் (பல்புக்குள் எரியும் மின்சுடர்) மேல்நோக்கி வளையாமல் இழுத்துப் பிடிக்கும் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் குழாய் கூரைக்கு வெளியே போகட்டும்.

படி 3: ரெக்டிஃபையர்

இங்கே நிதானமாக இருங்கள். செனான் பல்பு டி.சி.யில் எரிவது. வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம்: 2,000 வாட் பல்புக்கு ஏறக்குறைய 25 முதல் 28 வோல்ட், 70 முதல் 80 ஆம்பியர். பற்றவைக்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் கதை வேறு. ரெக்டிஃபையர் 70 வோல்ட்டுக்கு மேல் தயாராக நிற்க வேண்டும். இக்னைட்டர் பல ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கொடுத்து ஆர்க்கைத் தொடங்கும்.

நான் முதலில் வாங்கியது சிங்கிள் ஃபேஸ் ரெக்டிஃபையர். விற்றவர் "80 ஆம்பியர் தாராளமாக வரும்" என்றார், வந்தது. ஆனால் படத்தில் வானம் வந்த ஒவ்வொரு முறையும் திரை துடித்தது. மெதுவாக, நொடிக்கு நாலு தடவை. ஷட்டரில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அதைக் கழற்றி மாட்டினேன். பிறகுதான் பிடிபட்டது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சிங்கிள் ஃபேஸ் ரெக்டிஃபையரில் நொடிக்கு 100 அலையாக வெளிவருகிறது. இரண்டு இதழ் ஷட்டர் நொடிக்கு 48 தடவை வெட்டுகிறது, அதன் இரட்டிப்பு 96. நூறுக்கும் தொண்ணூற்றாறுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணில் பட்ட அந்த நாலு. அலை அடங்காத கரண்ட் பல்பின் ஆயுளையும் குறைக்கும். அந்தப் பல்பு சீக்கிரமே கறுத்தது.

அதனால் த்ரீ ஃபேஸ் கிடைத்தால் த்ரீ ஃபேஸ்தான். அதில் அலை நொடிக்கு 300, அளவும் மிகச் சிறியது. சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது என்றால் நல்ல சோக்கும் கண்டென்சரும் உள்ளதாகவோ, செனானுக்கென்றே செய்த ஸ்விட்சிங் வகையாகவோ பாருங்கள். வெல்டிங் செட்டை மாற்றிக் கொடுத்தால் தொடாதீர்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது, "கரண்டில் ரிப்பிள் (அந்த அலை) எத்தனை சதவீதம்?" பத்துக்கு மேல் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

ஆம்பியரைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கட்டும். புதுப் பல்பைக் குறைவாக ஓட்டி, வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஆனால் பல்பின் காகிதத்தில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள், ஆர்க் அலைபாயும். இரண்டு மெஷினை மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் ரெக்டிஃபையரும் இரண்டு வேண்டும்.

படி 4: பல்பு மாட்டுவதும் பற்றவைப்பதும்

குடுவைக்குள் இருக்கும் வாயு, எரியாதபோதே காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. கைதவறினால் வெடித்துச் சிதறும். முகக் கவசம், கனமான கையுறை, தடித்த ஜாக்கெட் இல்லாமல் உறையைப் பிரிக்காதீர்கள். பல்பின் பிளாஸ்டிக் உறை மாட்டி முடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும். விரல் ரேகை பட்டால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் கண்ணாடி கெட்டுப்போகும்.

அப்புறம் பிளஸ், மைனஸ். மாறிப்போனால் சில நொடிகளில் பல்பு பாழ். பெயிண்ட் அடித்த குறியை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். கேபிள் தடிமனாக, குட்டையாக இருக்கட்டும். கேபிள் முனையிலுள்ள லக்கை இறுக்கி, அரை மணி ஓட்டி, அணைத்து, மெயினை எடுத்த பிறகு மறுபடியும் இறுக்குங்கள்.

ஆர்க் பற்றியதும் ஃபிலிம் இல்லாமல் வெள்ளை வெளிச்சத்தைத் திரையில் விடுங்கள். பல்பை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால் நடுவில் ஒரு கறுப்பு நிழல் தோன்றி மறையும், அது மிரரின் ஓட்டை. அந்த நிழல் கரைந்து, ஓரங்களின் வெளிச்சம் நடுவின் முக்கால் பங்குக்குக் குறையாமல் வரும் இடத்தில் திருகை நிறுத்துங்கள்.

படம் முடிந்து அணைத்தபின் ஃபேன் பத்து நிமிடமாவது ஓடட்டும். எரிந்த மணி நேரத்தை நோட்டில் எழுதி வாருங்கள். வாரண்டி மணி முடிந்த பல்பு இன்னும் எரிகிறதே என்று வைத்திருக்காதீர்கள். கழற்றியதும் பழைய உறைக்குள் போட்டுப் பூட்டி வையுங்கள், அணைந்த பல்புக்குள்ளும் அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது.