கூடாரம் போட ஏற்ற பருவம் எது?

கோடை முடிந்து, குளிர் தொடங்குவதற்கு முன் வரும் சில வாரங்களுக்குத்தான் என் ஓட்டு. வெயில் தணிந்திருக்கும், கொசுத் தொல்லை குறையும், கூட்டமும் இருக்காது. வசந்த காலமும் அழகுதான், ஆனால் பல இடங்களில் தரை ஈரம் காய்ந்திருக்காது.

பகல் வெப்பத்தை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். மலை என்றால் 1000 மீட்டர் ஏறினாலே சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் சற்று மேடான இடமாகப் பாருங்கள். அப்புறம், மேலே போர்த்துவதைப் போலவே அடியில் விரிப்பதும் முக்கியம். உடல் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும், தடிமனான விரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இருட்டிவிடும் பருவம் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தை அடித்துவிடுங்கள்.