ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால்: நெரிசலான சாலையில் நடப்பதற்குச் சில யோசனைகள்

பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டினேன். இப்போது எங்கே போனாலும் நடைதான். நடக்கிறவர்களிடம் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: வண்டி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நீங்களும் தெரிவீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கும். பார்ப்பதற்கு ஒல்லியாகத்தான் தெரியும். ஆனால் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால், சாலையைக் கடக்கும் ஒரு ஆளையே அது முழுசாக மறைத்துவிடும். வண்டி திரும்பும்போது நீங்களும் அதற்கு ஏற்ற வேகத்தில் நடந்தால், கடக்கும் நேரம் முழுக்க அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருந்துவிட வாய்ப்பு உண்டு. நான் திருப்பங்களில் உடம்பை முன்னும் பின்னும் அசைத்து எட்டிப் பார்ப்பேன். எல்லாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் திரும்பும் வண்டிக்கு முன்னால் இறங்குவதற்கு முன், ஓட்டுகிறவரின் முகத்தைத் தேடுங்கள். அவர் கண் உங்கள் கண்ணைச் சந்திக்கவில்லையா, நில்லுங்கள். உங்களுக்குப் பச்சை எரிந்தாலும் சரி. பல சந்திப்புகளில் திரும்பும் வண்டிகளுக்கும் அதே நேரத்தில் வழி இருக்கும்.

பெரிய வண்டியின் மூக்கை ஒட்டி நடக்கவே நடக்காதீர்கள். உயரமான இருக்கையிலிருந்து பார்க்கும்போது, முன் பம்பருக்கு அருகில் நிற்கும் குழந்தையோ குள்ளமான ஆளோ தெரியவே மாட்டார்கள். பேருந்திலிருந்து இறங்கினால், அது கிளம்பிப் போகும் வரை காத்திருங்கள். அப்புறம் கடக்கலாம்.

தெருமுனையில் நிற்பவர்கள் ஓரக்கல்லின் விளிம்பிலேயே கால் வைத்து நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பதறும். நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி உங்களைத் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக நிற்கும் அந்த நேரத்தில்தான் பின் சக்கரம் கால் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது பிரேக். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். உங்களைப் பார்த்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கவே ஒரு நொடியாவது ஆகும். நான் ஓட்டிய பேருந்தின் நீளம் 12 மீட்டர். அதாவது பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி தன் நீளத்துக்கு மேல் ஓடியிருக்கும். வேகம் குறைய ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். ஈரச் சாலையில் இன்னும் இழுக்கும். கை காட்டிக்கொண்டே இறங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கை காட்டுங்கள், நல்லதுதான். பிரேக் பிடித்த வண்டியின் முன்பக்கம் லேசாக அமுங்கும். அதைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வையுங்கள்.

ஒரு நாள் ஜீப்ரா கிராசிங்கில் ஒரு பாட்டிக்காக வண்டியை நிறுத்தினேன். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மெதுவாக நடந்தார். பக்கக் கண்ணாடியில் ஒரு பைக் வேகமாக வருவது தெரிந்தது. நான் ஏன் நின்றேன் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது, என் வண்டி பாட்டியை மறைத்திருந்தது. ஹாரன் அடித்தால் பயந்து ஓடிவிடுவாரோ என்று ஜன்னல் வழியாகக் கையை முழுசாக நீட்டி, "அம்மா, நில்லுங்க!" என்று கத்தினேன். நின்றார். அவர் சேலை முந்தானை காற்றில் படபடத்து அடங்கியதை இப்போதும் மறக்க முடியவில்லை. ஒரு வண்டி நின்றால் அந்த ஒரு வரிசைதான் உங்களுடையது. நின்ற வண்டியின் விளிம்பு வரை போய், நின்று, எட்டிப் பார்த்து, அடுத்த வரிசையைக் கடங்கள். நடுவில் மீடியன் இருந்தால் அதில் ஏறி மறுபடி பாருங்கள்.

பாதி வழியில் பயந்து திரும்பி ஓடாதீர்கள். உங்கள் நடையின் வேகத்தைப் பார்த்து, உங்களுக்குப் பின்னால் புகுந்துவிடலாம் என்றுதான் ஓட்டுகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். நீங்கள் பின்வாங்கினால் நேராக அந்த வழியில்தான் போய் நிற்பீர்கள். சீராக நடங்கள், முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

இரவில் ஹெட்லைட் வெளிச்சம் உங்கள் கண்ணைக் கூசும். அதனாலேயே நாமும் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறோம் என்று தோன்றும். கறுப்பு உடையில் இருப்பவர் மிக அருகில் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிவார். வெளிர் நிறம் போடுங்கள். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை ஒன்றைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்ததும் அது நடக்கிற ஆள் என்று புரிந்துவிடும்.

போனைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். சாலையில் இறங்கும்போது பைக்குள் போடுங்கள், இயர்போனைக் கழற்றுங்கள். மின்சார வண்டிகள் மெதுவாக வரும்போது சத்தம் குறைவு.

நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டிகள் முகத்துக்கு நேராகத் தெரியும் பக்கத்தில் நடங்கள். குழந்தை கூட வந்தால் விரலைக் கொடுக்காதீர்கள், உருவிக்கொண்டு ஓடிவிடும். மணிக்கட்டைப் பிடித்து, வண்டிகள் போகாத பக்கமாக நடத்திக் கூட்டிப்போங்கள்.