வெங்காய வேர்நுனியில் செல் பிரிவைக் காண்பது எப்படி?

பெரிய வெங்காயத்தின் அடியில் உள்ள காய்ந்த வேர்களைப் பிளேடால் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி குடுவையின் வாயில் உட்கார வையுங்கள். சில நாட்களில் இறங்கும் வெண்ணிற வேர்களை 2 செ.மீ. நீளத்தில் நுனியோடு வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அடர் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் 24 மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு பார்ப்பதானால் 70% எத்தனாலில் வைக்கலாம்.

சறுக்கல் நேர்வது அடுத்த கட்டத்தில்தான். ஊறிய வேரில் நுனி எது, வெட்டிய முனை எது என்பது எளிதில் தெரியாது. ஆகவே சாயம் ஏற்றும் முன் நுனியைத் துண்டிக்காதீர்கள். கழுவிய வேரை முழுதாக ஸ்லைடில் கிடத்தி, ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரண்டு மூன்று துளி அசிட்டோகார்மைன் சாயமும் விட்டு, கொதிக்காமல் இலேசாகச் சூடு காட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினை அமிலம் தளர்த்தும். உட்கருக்கள் நெருக்கமாக உள்ள ஆக்குத்திசு (செல்கள் பிரியும் நுனிப் பகுதி) மட்டும் கருஞ்சிவப்பாகும். அந்த 2 மி.மீ. போதும், மற்றதை எறிந்துவிடுங்கள். சற்று மேலே போனாலும் அது நீட்சிப் பகுதி. அங்கே செல்கள் நீளுமே தவிர, பெரும்பாலும் பிரியா.

ஒரு துளி நீர் விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, மேலே மைஒற்றுத்தாள் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் செங்குத்தாகத் தட்டுங்கள். கட்டைவிரலால் அழுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. கவர் ஸ்லிப் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். வேரைப் புரட்டுவதற்கு எவர்சில்வர் ஊசியைவிடச் சாதாரண இரும்பு ஊசியே மேல். இரும்பு சிறிதளவு கலந்தால் கார்மைன் நிறம் ஆழமாகும்.

10 மடங்கு லென்ஸில் சதுர வடிவச் செல்கள் திரண்ட இடத்தைப் பிடித்து, 40 மடங்குக்கு மாறுங்கள். பெரும்பாலானவை இடைநிலையில்தான், அதாவது பிரிவு தொடங்காத நிலையில்தான் இருக்கும். பொறுமையாகத் தேடினால் மெட்டாஃபேஸில் 16 குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்த செல் அகப்படும்.

பிற்சேர்க்கை: வேர்நுனியைக் காக்கும் உறையான வேர்மூடி எங்கே என்று சிலர் கேட்டிருந்தார்கள். நசுக்கிய தயாரிப்பில் செல்களின் இட அமைப்பு கலைந்துவிடும். அதற்கு நீள்வெட்டுத் தோற்றம் தேவை. மண்ணில் உராய்ந்து உதிரும் வேர்மூடிச் செல்களை ஆக்குத்திசு ஓயாமல் ஈடுசெய்கிறது. ஆனால் அதன் நடுவிலேயே, மிக அரிதாகப் பிரியும் செல்கள் கொண்ட அமைதி மையம் ஒன்று உண்டு என்பதை 1950களில் கிளவ்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் காட்டினார். அதையும் நீள்வெட்டில்தான் தேட வேண்டும்.