கோச்சிங் போகாமல் கேட் எழுத

முதலில் பாடப்புத்தகத்தைத் தொடாதீர்கள். ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து 120 நிமிடம் உட்காருங்கள். ஆங்கிலம், தரவும் தர்க்கமும், கணிதம் என்று மூன்று பகுதி; தலா 40 நிமிடம், இடையில் தாவ முடியாது. கணக்கில் நான் புலி என்ற நினைப்பு எனக்கு அன்றைக்கே போய்விட்டது.

தேர்வு வழக்கமாக நவம்பர் கடைசியில். நான் மே மாதம் தொடங்கினேன். வேலைக்குப் போகிறவன், காலை ஐந்தரை முதல் ஏழு வரைதான் நேரம். அதில் பாதி, தப்புக் கணக்கு நோட்டுக்கே போனது. பக்கத்தின் நடுவே ஒரு கோடு: இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் ஏன் சறுக்கினேன் என்று. விலையில் 20 சதவீதம் கூட்டி 20 சதவீதம் குறைத்தால் பழைய விலையே வரும் என்று மூன்று முறை போட்டிருக்கிறேன்! 100, 120, அப்புறம் 96.

ஆங்கிலத்துக்குத் தினம் ஒரு தலையங்கம் போதும். சொற்பட்டியல் மனப்பாடம் வீண்வேலை.

செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வு. எழுத இரண்டு மணி நேரம், அலச மூன்று. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; கொள்குறி வினாவில் விடை தப்பானால் 1 போகும். விடையைத் தட்டச்சு செய்யும் வினாக்களுக்குக் கழிப்பதில்லை, அவற்றைக் காலியாக விடாதீர்கள்.