எல்இடி மாற்றிய பின் படபடத்த இண்டிகேட்டர்

என் வண்டியின் பின் இண்டிகேட்டர்களின் 21 வாட் பல்புகளுக்குப் பதிலாக எல்இடி போட்டதும் விளக்குகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மின்னோட்டம் குறைந்ததால், பல்பு ஃபியூஸ் போனதாகப் பழைய ஃபிளாஷர் ரிலே (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் சுவிட்ச்) கணக்கிட்டதே காரணம். மின்னோட்டத்தைக் கூட்ட 6 ஓம் ரெசிஸ்டரை இணையாகக் கொடுப்பவர்கள் உண்டு. எரியும் நேரமெல்லாம் அது 12 வோல்ட்டில் 24 வாட் வெப்பத்தைக் கக்கும் என்பதால், பிளாஸ்டிக் கூட்டருகே அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்இடிக்கான எலெக்ட்ரானிக் ரிலேயைப் பொருத்தியதும் வேகம் சீரானது.

ஆனால் பிரேக்கை மிதித்தால் இடப்பக்க எல்இடி மட்டும் மங்கியது. காசிமேட்டு உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்பதால் எர்த்தை, அதாவது மின்னோட்டம் பாட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பை, சந்தேகித்து விளக்கைக் கழற்றினேன். எர்த் கம்பி முனையின் வளையத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பிரேக்கை மிதித்த நிலையில் அந்த முனைக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறத்தாழ 3 வோல்ட் காட்டியது; நல்ல எர்த்தில் இது கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, புது வளையம் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிய பிறகு விளக்கு மங்கவில்லை.