கழற்றாத தட்டும் கேட்காத அறிவுரையும்: வேலூர் ஜிம்களில் பெண்களுக்கும் இடம் வைப்பது எப்படி

காலால் எடை தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் பக்கத்துக்கு நான்கு 20 கிலோ தட்டு. செட் முடிந்ததும் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மெஷினில் நிற்பது 160 கிலோ. அடுத்து வரும் பெண்ணின் உடல் எடை 48 கிலோ, அன்றைய கணக்குக்கு அவருக்குத் தேவை 40 கிலோ. அதைத் தொடங்கும் முன் ஆறு தட்டுகளை, அதாவது 120 கிலோவை, இறக்கிச் சுமந்துபோய் மாட்ட வேண்டும். இரண்டாவது தட்டைத் தொடும்போதே "சிஸ்டர், உங்களால ஆவாது, விடுங்க" என்று இருவர் ஓடி வருவார்கள். கழற்றாமல் போனவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, பாகாயம், எந்தப் பக்கத்து ஜிம்மானாலும் சிக்கல் இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்தவரை நினைக்காத பழக்கம் எல்லோரையும் உரசும். ஆனால் அதன் சுமை முழுக்கப் பெண்கள் தலையில் விழுகிறது, பிறகு அதையே காட்டி "லேடீஸுக்கு இது செட் ஆவாது" என்று சொல்லிவிடுகிறார்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று பெண்ணிடம் சொல்வதால் எதுவும் மாறாது. மாற வேண்டியவை ஜிம்மின் ஏற்பாடும் அதை நடத்துகிறவரின் நாக்கும். ஆகவே கீழே உள்ளதில் பெரும்பகுதி ஓனருக்கும் மாஸ்டருக்கும், அடுத்தபடியாக ஆண் உறுப்பினர்களுக்கும்.

முதலில் இரும்பு

கடைசி செட் முடிந்ததும் தட்டு அனைத்தும் தாங்கிக்குத் திரும்ப வேண்டும். யார் ஏற்றினாரோ அவரே இறக்க வேண்டும். ராக் என்னும் இரும்புச் சட்டத்தில் இருக்கும் பாரில், அதாவது தட்டு மாட்டும் நீளக் கம்பியில், ஒரு பக்கத்தை மட்டும் மொத்தமாகக் கழற்றினால் மறுபக்கம் கவிழ்ந்து யார் காலிலாவது விழும். இடமும் வலமுமாக ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தாங்கியில் 20 கிலோ தட்டு இடுப்பு உயரக் கம்பியில் இருக்கட்டும். தரையோடு ஒட்டி வைத்தால் குனிந்து எடுக்கும்போது முதுகு பிடிக்கும். ஐந்தடிக்கு மேல் வைத்தால் குள்ளமானவர்கள் ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டிவரும், அந்தக் கூப்பிடலே தேவையற்ற பேச்சுக்கு வாசல் திறக்கும்.

வாங்க வேண்டியவற்றில் முக்கியமானது சின்னத் தட்டு. சாதாரண பார் வெறுமனே 20 கிலோ. அதைத் தலைக்கு மேல் தள்ளக் கற்ற ஒருவர் அடுத்த படிக்குப் போக 2.5 கிலோ ஜோடிதான் இருக்கிறதென்றால் நேராக 25 கிலோ, கால் பங்கு ஒரே தாவல். கை ஏறாது. "பாத்தியா, லேடீஸுக்கு ஸ்ட்ரெங்த் கம்மி" என்ற பேச்சு அங்கே பிறக்கும். 1.25 கிலோ ஜோடி ஒன்று இருந்தால் 22.5 கிலோ, இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். கூடவே 15 கிலோ பார் ஒன்று. பெண்கள் பளுதூக்கும் போட்டிக்கான பாரின் எடை அதுதான். பிடி 25 மில்லிமீட்டர், 20 கிலோ பாருக்கு 28. சிறிய கைக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். ஒல்லியாக வந்து சேரும் பதினாறு வயதுப் பையன்களுக்கும் இதே பார்தான் சரி. அதனால் அதன் மேல் "லேடீஸ்" என்று எழுதாதீர்கள், "15" என்று எழுதுங்கள்.

பெஞ்சை நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்வது அடுத்த தலைவலி. ஆளுக்கு ஐந்து செட் என்றால் இருபது செட். தட்டு மாற்றுவதும் அரட்டையும் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். மாலை 6 முதல் 8 வரை ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர், யாராவது காத்திருந்தால் 20 நிமிடம் என்று எழுதி வையுங்கள். ராக்குக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிடுங்கள். வருகிறவர் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். சிலேட் இல்லாத ஜிம்மில் பெஞ்ச் கைமாறுவது நண்பனிடமிருந்து நண்பனுக்குத்தான். "முடிஞ்சதும் கூப்புடறேன் சிஸ்டர்" என்றவர், முடிந்ததும் மச்சானைக் கூப்பிடுவார்.

மாற்றி மாற்றிப் போடுவது இன்னும் நல்லது. கனமான செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு தேவை, இன்னொருவர் தன் செட்டை முடிக்க அதற்குள் இடமிருக்கிறது. "அண்ணா, இன்னும் எத்தினி செட்டு கீது? நடுவுல நான் ஒண்ணு போட்டுக்கட்டா?" என்று கேட்டால், "ரெண்டு கீதுங்க, வாங்க" என்பது பதில். ஒருவர் 100 கிலோ, மற்றவர் 40 கிலோ என்றால் தட்டு மாற்றவே நேரம் போகும். அப்போது மிச்சமுள்ள செட்டின் எண்ணிக்கையைச் சொல்லி அதன்படியே எழுந்துவிடுங்கள்.

வியர்வை பற்றி நீட்ட வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரி தாண்டுகிற ஊர். ஆளுக்கொரு துண்டு, பெஞ்சைத் துடைக்க கிருமிநாசினி பாட்டில் இரண்டு. துடைக்காத பயிற்சி விரிப்பில் படர்தாமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன் இருந்தால் அதைத் திருப்பும் உரிமை மாஸ்டருக்கு மட்டும்.

"லேடீஸ் டைம்" வைக்கும்போது

காலை 11 முதல் மாலை 4 வரை பெண்கள் நேரம் என்று போர்டு மாட்டும் ஓனர், பெண்கள் எல்லோரும் அந்நேரம் வீட்டில் சும்மா இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரி ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போய்வருபவர், கல்லூரி மாணவி, கடையில் நிற்பவர் யாருக்கும் அந்த நேரம் உதவாது. போர்டு எழுதும் முன் இருக்கும் பெண் உறுப்பினர்களிடமும், விசாரித்துவிட்டுச் சேராமல் போனவர்களிடமும் கேளுங்கள். காலை 5.30 அல்லது மாலை 6.30 என்று பதில் வந்தால், வாரத்தில் மூன்று நாளாவது அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் அதிகமிருக்கும் நேரம்தான். ஆண்கள் முணுமுணுப்பார்கள், அதைத் தாங்கிக்கொள்வதும் ஓனர் வேலையில் சேர்ந்ததே. தனி நேரம் இருப்பதாலேயே மற்ற நேரமெல்லாம் ஆண்களுக்கு என்றாகிவிடாது. அதையும் அதே போர்டில் எழுதுங்கள்.

தனி அறையும் அப்படித்தான். இரண்டு டிரெட்மில், ஒரு சைக்கிள், இளஞ்சிவப்பில் ஒன்று, இரண்டு, மூன்று கிலோ தம்புள்ஸ். ராக் கிடையாது, பெஞ்ச் கிடையாது. கட்டணம் மட்டும் ஒன்றே. சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய ஊர் இது, இரும்பு தூக்குவதில் இங்கே எல்லோருக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் பெண்ணுக்கும் பங்கு கொடுங்கள். கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு வகைத் தூக்கும் சேர்த்து மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு டோக்கியோவில் ஒரே தூக்கில் 115 கிலோ தூக்கினார். புதிதாகச் சேரும் பெண்ணிடம் "வெயிட் லாஸா மேடம்?" என்று கேட்டுக் கார்டியோ சார்ட்டை நீட்டும் மாஸ்டர், ஆணிடம் கேட்கும் அதே கேள்வியைக் கேட்கட்டும்: "எதுக்காகச் சேர்றீங்க?" வெயிட் எடுத்தால் ஆம்பிளை மாதிரி உடம்பு வந்துவிடும் என்ற பயத்தை வளர்க்கவும் கூடாது. பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு, அத்தனை தசை தற்செயலாக வந்துவிடாது.

பெண் பயிற்சியாளரை வேலைக்கு எடுத்துவிட்டு ஜும்பாவுக்கும் ரிசப்ஷனுக்கும் மட்டும் நிறுத்துவதும் இதே கதைதான். தரையில் நின்று எல்லோருக்கும் சொல்லித்தர விடுங்கள்.

துப்பட்டா, ஹிஜாப் விஷயத்தில் கவனம் தேவை. ஓடும் டிரெட்மில்லிலும் கேபிள் உருளையிலும் தொங்கும் துணி சிக்கினால் கழுத்தை இழுக்கும், அது உண்மையான ஆபத்து. ஏறுவதற்கு முன்னால், மெதுவாக, காரணத்தோடு சொல்லுங்கள்: "நுனிய உள்ள செருகிக்கோங்க, பெல்ட்ல மாட்டும். இந்த சிவப்பு கிளிப்ப டிரெஸ்ல போட்டுக்கோங்க, இழுபட்டா மெஷின் நின்னுடும்." கழுத்துத் துண்டோடு ஓடுகிற ஆணிடமும் அதையே சொல்ல வேண்டும். ஆபத்தைத் தாண்டி உடை பற்றி வேறு ஒரு வார்த்தையும் தேவையில்லை.

அறிவுரையும் தொடுதலும்

கேட்காத அறிவுரைக்கு ஒரு சோதனை உண்டு. உங்களைவிட இரண்டு மடங்கு புஜம் உள்ள ஒருவர் அதே தவறைச் செய்தால் போய்ச் சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால் இங்கேயும் வேண்டாம். விதிவிலக்கு ஆபத்து மட்டும்: பாரின் கிளிப் மாட்டவில்லை, தட்டு நழுவுகிறது, மெஷினில் எடையைப் பூட்டும் ஊசியைச் சரியாகச் செருகவில்லை. அப்போதும் எடை கீழே வந்த பிறகு சொல்லுங்கள். தூக்கிக்கொண்டிருக்கும்போது குரல் கொடுத்தால் கவனம் சிதறித்தான் அடிபடும். ஆபத்தில்லாத தவறு என்றால் மாஸ்டரிடம் சொல்லலாம், அவர் வேலை அது.

தடுக்க நினைக்கும் பெண்ணுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. "வேணும்னா கேக்கறேன் அண்ணா" என்று ஒரு தடவை. மீண்டும் வந்தால் "வேணாம்னு சொன்னேன்", பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி. மூன்றாவது தடவைக்கு மாஸ்டர். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பார்வையைப் பற்றிப் பெண்கள் புகார் சொல்வது குறைவு, நிரூபிக்க முடியாது என்பதால். அதைத் தடுக்கக்கூடியவர் உடன் இருக்கும் ஆண்தான். "மச்சி, செட்ட போடு" என்று தோளைத் தட்டிச் சொன்னால் முடிந்துவிடும். நண்பன் சொன்னால் கேட்பவர்கள், பெண் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் இதை ஆண்கள் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்டர் தொட்டுத் திருத்தும் முன் மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் வாயால் சொல்வது. புரியாவிட்டால் தன் உடம்பில் செய்துகாட்டுவது. அதற்கும் வராவிட்டால் ஒரு குச்சியை முதுகோடு வைத்து நேர்கோட்டைக் காட்டுவது. அதன் பிறகும் கை வைக்க வேண்டியிருந்தால் எங்கே, எதற்கு என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். நேற்றுச் சரி என்றது இன்றைக்குச் செல்லாது. ஸ்குவாட்டுக்கு (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபடி ஸ்பாட் கொடுப்பது, அதாவது எடை விழாமல் காக்கத் துணை நிற்பது, தேவையே இல்லை. பார் இறங்கும் கடைசி நிலைக்கு ஓர் அங்குலம் கீழே ராக்கின் பாதுகாப்புக் கம்பிகளை வைத்தால் அவை பிடித்துக்கொள்ளும். ஆள் வேண்டுமென்றால் பாரின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர். பெஞ்ச் பிரஸ்ஸுக்குத் தலைமாட்டில், கொஞ்சம் பின்வாங்கி நின்று, கை பாரை மட்டும் தொட வேண்டும். தம்புள்ஸ் பிரஸ்ஸில் பிடிக்க வேண்டிய இடம் மணிக்கட்டு. முழங்கையைப் பிடித்தால் எடை முகத்தில் விழலாம்.

போனும் பதிவேடும்

ரீல்ஸ் எடுக்க ஒரு மூலையை ஒதுக்கி, கேமரா சுவரைப் பார்க்கும்படி மட்டும் என்று விதி வையுங்கள். கூட்ட நேரத்தில் படப்பிடிப்பே வேண்டாம். பின்னணியில் யாராவது விழுந்திருந்தால், அவர் கேட்டதும் கண் முன்னால் அழிக்க வேண்டும், "அண்மையில் நீக்கியவை" பெட்டியிலிருந்தும். உடை மாற்றும் அறைக்குள் உள்தாழ்ப்பாள் இருக்கட்டும், சிசிடிவி கூடாது. பயிற்சி நடக்கும் இடத்தைக் காட்டும் சிசிடிவி திரை வருகிறவர் போகிறவர் பார்க்கும் ரிசப்ஷன் மேசையில் இருக்கக் கூடாது.

யாரும் கவனிக்காத ஓட்டை வருகைப் பதிவேடு. பெயர், போன் நம்பர், கையெழுத்து என்று திறந்து கிடக்கும் நோட்டிலிருந்துதான் பல பெண்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு "ஹாய்" வருகிறது. நோட்டில் உறுப்பினர் எண் மட்டும் போதும். வாட்ஸ்அப் குரூப்பிலும் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அதைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறுங்கள். பெறுபவர்கள் ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். ஜிம் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும் என்பதால் சேரும் அன்றே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

புகார் வந்தால்

பாதிக்கப்பட்டவர் அன்றைக்கே தேதி, நேரம், எந்த மெஷின் அருகில், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதிவைத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வாய்ப்பேச்சுக்குத் தேதி இருக்காது. அதே செய்தியில் சிசிடிவி பதிவை எடுத்து வைக்கும்படி கேளுங்கள். இடம் நிறைந்ததும் கருவி பழையதை அழித்துவிடும்.

ஓனர் இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துச் சமாதானம் பேசக் கூடாது. "நீங்க வேற டைம்ல வாங்களேன்" என்று புகார் தந்தவரை நகர்த்தவும் கூடாது. நேரம் மாற வேண்டியவர் எதிராளி. கேலிப் பேச்சு, வழிமறிப்பு போன்றவற்றுக்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை, திரும்ப நடந்தால் ஒரு மாதம் நிறுத்தம். தொட்டாலோ திருட்டுத்தனமாகப் படமெடுத்தாலோ அன்றே வெளியே. இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடித்துக் கையெழுத்து வாங்கினால் பின்னால் வாக்குவாதம் வராது.

ஜிம்முக்கு வெளியிலும் வழி உண்டு. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்குப் பிரிவு 75, அந்தரங்க நிலையில் பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் 77, வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வதற்கும் விடாமல் மெசேஜ் அனுப்புவதற்கும் 78, இழிவான சொல்லுக்கும் சைகைக்கும் 79. அவசரத்துக்கு 112, ஆலோசனைக்கும் உதவிக்கும் 181. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

தவறு செய்தவர் மாஸ்டரோ ஊழியரோ என்றால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் (2013) கைகொடுக்கும். விளையாட்டுப் பயிற்சி நடக்கும் நிறுவனங்களையும் வளாகங்களையும் அது பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. புகார் தருபவர் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்கும் குறைவு என்றால், அல்லது புகாரே ஓனர் மேல் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு எழுத வேண்டும். சத்துவாச்சாரியில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலப் பிரிவில் விசாரித்தால் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

கடைசியாக, பணம். ஆண்டுச் சந்தா கட்டியவர் இப்படி ஒரு காரணத்தால் நின்றுவிட்டால் மிச்ச மாதத்துக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு, கேட்கும் முன் திருப்பிக் கொடுங்கள். தொடர்ந்து வருகிறேன் என்றால், எதிராளி மேல் என்ன நடவடிக்கை, எந்தத் தேதியிலிருந்து, அவர் எந்த நேரத்தில் வரமாட்டார் என்பதை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் சொல்லுங்கள்.