தமிழ்க் கோப்பு குப்பையாகத் தெரிகிறதா? முதலில் அந்தக் குப்பையைப் படியுங்கள்

பழைய கணினியிலிருந்து எடுத்த வேர்டு கோப்பு, யாரோ மின்னஞ்சலில் அனுப்பிய எக்செல் பட்டியல், ஆண்டு மலருக்காக எப்போதோ தட்டச்சு செய்து வைத்த கட்டுரை. திறந்து பார்த்தால் தமிழைக் காணோம், ஏதேதோ எழுத்துகள். பலர் இந்த இடத்திலேயே "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. எழுத்துகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும்.

கணினிக்குள் எழுத்து என்பது வெறும் எண். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் என்கோடிங். ஒரு அட்டவணைப்படி எழுதியதை வேறு அட்டவணையை வைத்துப் படித்தால் குப்பை வரும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான அட்டவணையான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்து, அதனுடன் லதா எழுத்துரு வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது புழங்க ஆரம்பித்தது. அதுவரை எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டேப், டேம் என்ற இரண்டைத் தரப்படுத்தியது. இன்னொரு பக்கம் டிஸ்கி இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பாமினி பரவியிருந்தது. தமிழக அரசு யூனிகோடுக்கு மாற ஆணையிட்டது 2010இல்தான். அதனால் 2010க்கு முந்தைய கோப்பு என்றால் உள்ளே எந்த அட்டவணையும் இருக்கலாம் என்ற எண்ணத்தோடே திறவுங்கள்.

தொடங்கும் முன்

கோப்பை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். இனி எல்லா வேலையும் நகலில்தான். குப்பையாகத் தெரியும் நிலையில் கன்ட்ரோல் எஸ் அழுத்தவே கூடாது. சரிசெய்யக்கூடிய கோப்பு நிஜமாகவே கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒரு அழுத்தத்தில்தான்.

அப்புறம், குப்பையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அதுவே சொல்லிவிடும்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால்

இது சின்ன விஷயம். எழுத்து சரியாக இருக்கிறது, அதைக் காட்ட எழுத்துரு இல்லை. உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. லினக்ஸ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவிக்கொள்ளுங்கள். எதையும் கன்வெர்ட் செய்ய வேண்டாம்.

தலையில் கோடு போட்ட ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர்

சின்ன ஏ எழுத்தின் மேல் சாய்ந்த கோடு, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரைக் குறி. இந்த ஜோடி வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் நிம்மதியாக இருங்கள். உள்ளே இருப்பது சுத்தமான யூனிகோடு தமிழ். யூனிகோடைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாக, அதாவது மூன்று சிறு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது இரண்டே வகை. மேற்கத்திய அட்டவணையை வைத்துப் படிக்கும் நிரலுக்கு அந்த முதல் பைட் கோடு போட்ட ஏ ஆகவும், இரண்டாவது பல இடங்களில் வட்ட ஆர் ஆகவும் தெரிகிறது.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய பட்டியல்) நேராக இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். இப்படிச் செய்யுங்கள்:

1. அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள்.
2. எக்செலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, டேட்டா தாவலில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" அழுத்தி உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.
3. முன்னோட்டப் பெட்டியில் "ஃபைல் ஆரிஜின்" என்ற இடத்தில் "65001: யூனிகோடு (யூடிஎஃப்-8)" தேர்ந்தெடுத்தால், அங்கேயே தமிழ் தெரிந்துவிடும்.
4. பட்டியலில் தொலைபேசி எண் இருந்தால் "டேட்டா டைப் டிடெக்‌ஷன்" இடத்தில் வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற கடைசித் தேர்வைக் கொடுங்கள். இல்லையென்றால் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்ஜியம் பறந்துவிடும்.
5. லோட் அழுத்துங்கள்.

லிப்ரேஆபிஸ் கால்க் இன்னும் எளிது. சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே கேரக்டர் செட் எது என்று கேட்கும், கீழே முன்னோட்டமும் காட்டும். சிஎஸ்வி வேலை அடிக்கடி வருகிறது என்றால் நான் லிப்ரேஆபிஸையே பரிந்துரைப்பேன்.

பட்டியலை நீங்கள் அனுப்புகிறவர் என்றால், எக்செலில் சேவ் ஆஸ் போய் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" வகையைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் கண்ணில் படும் வெறும் சிஎஸ்வி வேண்டாம். நோட்பேடில் உள்ள கோப்பு என்றால் சேவ் ஆஸ் பெட்டியின் என்கோடிங் இடத்தில் "யூடிஎஃப்-8 வித் பிஓஎம்" கொடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு அடையாளம் சேரும். அதைப் பார்த்ததும் எக்செல் தானே புரிந்துகொள்ளும், எதிர்முனையில் இருப்பவர் இரட்டைக் கிளிக் செய்தாலும் தமிழ் வரும்.

யாரோ ஏற்கெனவே குப்பையோடு சேமித்துவிட்டார்களா? அந்த உரையை நோட்பேட்++இல் திறந்து, என்கோடிங் மெனுவில் முதலில் "கன்வெர்ட் டு ஆன்சி" கொடுங்கள். ஆன்சி என்பது விண்டோஸின் பழைய அட்டவணை. பிறகு அதே மெனுவின் மேல்பகுதியில் உள்ள யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்பதைக் கவனியுங்கள். கன்வெர்ட் என்று தொடங்குபவை உள்ளே உள்ள எண்களையே மாற்றுகின்றன. மேலே உள்ளவை அதே எண்களை வேறு அட்டவணையால் படித்துக் காட்டுகின்றன. பல கோப்புகள் இதில் மீண்டுவிடும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால்

இதுதான் பாமினி வகை. "தமிழ்" என்ற சொல் பாமினியில் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: சின்ன ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் குறி, ஓ என்பது ழ, அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே இருந்தது.

ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக, மேலே கோடும் புள்ளியும் வளையமும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது டிஸ்கி, டேப், டேம் போன்ற ஒன்றாக இருக்கலாம்.

ஊகிக்க வேண்டியதில்லை. வேர்டில் குப்பை எழுத்தின் மேல் கர்சரை வையுங்கள். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று நேரடியாக இருக்கும், அல்லது பெயரின் தொடக்கத்தில் டிஎஸ்சி (டிஸ்கி), டேப், டேம் என்று வரும். தமிழக அரசு அலுவலகக் கோப்பு என்றால் வானவில்லை முதலில் சந்தேகப்படுங்கள். அச்சகத்திலிருந்து வந்தது என்றால் ஸ்ரீலிபி.

பெயர் தெரிந்ததும், பழைய அட்டவணையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றி நிரலுக்குப் போகலாம். என்எச்எம் கன்வெர்ட்டர், அழகி+ இரண்டும் கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடியவை. இணையத்தில் "பொங்கு தமிழ்" மாற்றி இருக்கிறது. சொத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்கு நிறுவியதையே பயன்படுத்துங்கள். எதை எடுத்தாலும், முழுக் கோப்பையும் கொட்டாமல் நடுவிலிருந்து ஒரு பத்தியை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். பாதி சரியாகவும் பாதி கோணலாகவும் வந்தால் அட்டவணை தவறு. வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பாமினி கோப்புகளில் இரண்டு தொல்லை கட்டாயம் வரும். ஒன்று, இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள். வேர்டில் அவை வேறு எழுத்துருவில் இருந்ததால் ஆங்கிலமாகத் தெரிந்தன. மாற்றியில் ஒட்டியதும் எழுத்துரு விவரம் போய்விடுகிறது. எல்லாமே பாமினி என்று நினைத்து, அந்த ஆங்கிலத்தையும் அது தமிழாக்கிவிடும். விளைவு, பொருளே இல்லாத ஒரு தமிழ்ச் சொல். மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அவற்றைக் கையால் திருத்துவதே நம்பகமான வழி. டிஸ்கி, டேப் கோப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடாமல் அட்டவணையின் மேல் பாதியில் உள்ள 128 இடங்களில்தான் தமிழை வைத்தன.

இரண்டாவது, காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசைதான் இகரம். யாராவது வேறு எழுத்துருவுக்குப் போய் உண்மையான காற்புள்ளி போட்டிருந்தால், அது மாற்றிய பின் "இ" ஆகிவிடும். "கொழும்புஇ கண்டிஇ யாழ்ப்பாணம்" என்று இணையத்தில் எத்தனையோ பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது: கன்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் பெட்டியில் "இ" போட்டு ஒரு இடைவெளியும் விடுங்கள். மாற்றும் பெட்டியில் காற்புள்ளியும் இடைவெளியும் கொடுங்கள். தமிழில் சொல்லின் இறுதியில் தனி "இ" வருவது அபூர்வம் என்பதால் துணிந்து மாற்றலாம். "அ, ஆ, இ" என்று வரிசை எழுதியிருக்கும் இடங்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றியதை வேர்டில் திரும்ப ஒட்டும்போது வலது கிளிக் செய்து "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" கொடுத்து, எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்குங்கள். வேர்டு கோப்பில் டேபிள் இருந்தால் அதைக் கட்டம் கட்டமாகத்தான் ஒட்ட வேண்டியிருக்கும்.

பிடிஎஃப்

கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் குப்பை. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் ஒட்டிய குப்பையை மேலே சொன்ன மாற்றியில் கொடுத்துப் பாருங்கள், சில சமயம் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் படத்திலிருந்து எழுத்தை அறியும் ஓசிஆர்தான் வழி. கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் அது தமிழை நன்றாகவே படிக்கிறது. கோப்பு பெரிதாக இருந்தால் சில பக்கங்களாகப் பிரித்து ஏற்றுங்கள். இணையம் வேண்டாம் என்றால் டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரல் இருக்கிறது. தமிழ்த் தரவையும் சேர்த்து நிறுவ வேண்டும். எந்த ஓசிஆர் ஆனாலும் ர, கால் குறி, ன, ண இவற்றை முக்கியமாக மெய்ப்பு பாருங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள்

இதில் மட்டும் நம்பிக்கை கொடுக்க முடியாது. தமிழைத் தாங்காத அட்டவணையில் யாரோ சேமித்துவிட்டார்கள். ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் உண்மையாகவே ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது. எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நேரத்தை வீணாக்காமல் மூலக் கோப்பு, மின்னஞ்சல் இணைப்பு, பேக்கப் என்று தேடுங்கள். மே 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முன்பு அதன் இயல்பு ஆன்சி. பழைய கணினியில் வேலை செய்கிறவர்கள் சேமிக்கும்போது அந்தப் பெட்டியைப் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை

மாற்றி முடித்த கோப்பு பார்க்கச் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கன்ட்ரோல் எஃப் அழுத்தி, "கொடு", "போனார்" போல ஒகர ஓகாரம் உள்ள, கோப்பில் கண்ணில் படுகிற ஒரு சொல்லை உங்கள் விசைப்பலகையில் தட்டச்சு செய்து தேடுங்கள். பழைய எழுத்துருக்களில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் க, அதன்பின் ஒரே குறி. சில மாற்றிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சில நிரல்களில் தேடினால் அகப்படாது. அப்படி நடந்தால், நகலிலிருந்து அதே உரையை வேறு மாற்றியில் கொடுத்து மறுபடி எடுங்கள். தேடலில் அகப்பட்ட பிறகு டாக்எக்ஸ் வடிவில் சேமியுங்கள்.